மூட்டை கைமாறிய பிறகு

போடிநாயக்கனூர் மின்னணு ஏல மையத்தில் ஏலக்காய் கைமாறும்போது அதில் குழப்பமே கிடையாது. வியாபாரிகள் கணினி முன் உட்கார்ந்திருப்பார்கள். லாட் எண்ணோடு மாதிரிக் காய் கைக்கு வரும். பச்சை வெளுத்திருக்கிறதா, காய் எட்டு மில்லிமீட்டர் பருமன் இருக்குமா என்று பார்த்து விலையை ஏற்றுவார்கள். விலை படிந்து பணமும் கட்டிவிட்டால் சரக்கு வாங்கியவருடையது. குரங்கணிச் சரிவில் அதை விளைவித்தவர், பாயசத்துக்கு மட்டும் போடு, டீக்குப் போடாதே என்று சொல்ல முடியாது. ஆறு மாதம் கழித்துக் கிட்டங்கிக்குள் புகுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. விற்பது என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே போடியில் ஒருவர் தன் கணினியில் ஒரு மின்னூலுக்கோ திரைப்படத்துக்கோ நேரே உள்ள 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்திப் பணம் கட்டினால், அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறாகிவிடுகிறது. பொருள் அவர் கையில், அதன் மீது போட்டிருக்கும் மென்பொருள் பூட்டின் சாவி விற்றவர் கையில். அந்தப் பூட்டை அவர் தானே திறந்துகொண்டால் அது குற்றமா?

சாவியை வைத்திருப்பவர்கள் அதைத் திருப்பியும் இருக்கிறார்கள். 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெலின் நாவல்களை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணம் திரும்பி வந்தது. நிறுவனர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் நாவலைப் படித்துக் குறிப்பெழுதி வைத்திருந்த ஒரு மாணவனுக்கு அந்தக் குறிப்புகள் எந்த வரியைப் பற்றியவை என்றே தெரியாமல் போயின. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது விற்ற நூல்களும் அதோடு போயின. அங்கும் பணம் திரும்பக் கிடைத்தது. பணம்தான் வந்துவிட்டதே என்பார்கள். வீட்டு அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரூபாய் நோட்டை வைத்துவிட்டுப் போகிறவரை நாம் என்ன சொல்லி அழைப்போம்?

இந்தப் பூட்டுகள் எப்போதும் இணையம் இருக்கும் ஊரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. போடியிலிருந்து வரும் சாலை குரங்கணியோடு முடிகிறது. அதற்கு மேலே டாப் ஸ்டேஷன் பக்கம் போக ஜீப் தடமும் ஒற்றையடிப் பாதையும்தான். மலை மடிப்புக்குள் சிக்னல் தானாக வந்து தானாகப் போகும். கீழே இறக்கி வைத்துக்கொண்டு மேலே போய்ப் பார்க்கலாம் என்றால், சில தளங்களில் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் படம் காலாவதியாகிவிடுகிறது. கோப்பு போனிலேயே இருக்கும். திரையோ, இணையத்தில் இணைந்து அனுமதியைப் புதுப்பிக்கச் சொல்லும். இதைவிடக் கொடுமை பார்வையற்றோருக்கு நேர்ந்தது. 2009-இல் கிண்டில் கருவிக்குப் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கும் வசதி வந்தபோது, அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது. பதிப்பாளர் விரும்பினால் அந்தக் குரலை அணைத்துவிடலாம் என்று அமேசானும் இணங்கிப் போனது. கண் தெரியாதவர் காசு கொடுத்து வாங்கிய நூலின் வாயைக் கட்டியதால் எந்தத் திருட்டும் நிற்கவில்லை.

பூட்டு இல்லாவிட்டால் படைப்பாளி பட்டினி கிடப்பான் என்ற எதிர்வாதம் கனமானது. தமிழில் இன்னும் கனமானது. படம் வெளியான அன்றே திருட்டுப் பிரதி ஊர் ஊராகப் போகிறது. சில நூறு பிரதி விற்றாலே மகிழும் எழுத்தாளர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் உழைப்பைத் திருடுவது திருட்டுதான், அதில் சமாதானம் சொல்ல இடமில்லை. ஆனால் பூட்டு யாரைத் தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். திருட்டுப் பிரதியில் பூட்டு கிடையாது; அதை எந்தக் கருவியிலும், எந்த மலையிலும் பார்க்கலாம். காசு கொடுத்தவர்தான் அனுமதிக்குக் காத்து நிற்கிறார். நேர்மையாக நடந்தவருக்கு மட்டும் விழும் தண்டனை எப்படி நியாயமாகும்? இசையில் இது சோதித்தும் பார்க்கப்பட்டது. 2009-இல் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் கடைப் பாடல்களின் பூட்டை நீக்குவதாக அறிவித்தது. அதன் பிறகும் மக்கள் காசு கொடுத்துப் பாட்டு வாங்கத்தான் செய்தார்கள்.

வாங்கும்போதே நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டீர்களே என்று கேட்பார்கள். வாடகை என்று சொல்லி வாடகைக்குத் தந்தால் அந்தக் கேள்வி செல்லும். வாடகை நூல் நிலையத்தில் எடுத்த நாவலைத் திருப்பிக் கொடுப்பதில் யாருக்கும் மனக்குறை வந்ததில்லை. மாதச் சந்தா கட்டிப் படம் பார்ப்பதும் அப்படித்தான். பொத்தானில் 'வாங்கு' என்று எழுதிவிட்டு, யாரும் படித்து முடிக்காத ஆங்கிலப் பக்கங்களுக்குள் 'இது உரிமம் மட்டுமே' என்று சொல்வதில்தான் பொய் இருக்கிறது. கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் இதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்திருக்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது; அந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு காரியத்துக்காகச் செய்வதை அது தடுக்கவில்லை. நோக்கத்தைப் பார்ப்பதுதான் அறத்துக்கும் பொருந்தும். வாங்கிய நூலைப் புதுக் கருவிக்கு மாற்றிக்கொள்ளவோ, கண் தெரியாத தாய்க்கு வாசித்துக் காட்டச் செய்யவோ பூட்டைத் திறப்பவர் யாருடைய சோற்றிலும் மண் போடவில்லை. திறந்ததை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர் போடுகிறார். இரண்டுக்கும் கருவி ஒன்றுதானே என்றால், அரிவாளும் ஒன்றுதான்.

ஆனாலும் பூட்டைத் திறக்கத் தெரிந்தவர்கள் சிலரே. காசு கொடுத்த மற்றவர்கள் அதற்குள்ளேயே கிடக்க வேண்டியதுதானா? கிண்டிலில் தாமே நூல் வெளியிடும் தமிழ் எழுத்தாளர்களிடம், பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று வெளியிடும்போதே கேட்கப்படுகிறது. காசு கொடுத்துப் படிக்கும் வாசகரை நம்பி, 'வேண்டாம்' என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கலாம்.