நின்று பார்க்கும் உரிமை

கோடு கோடாக வெட்டிய புல்தரையில் இரண்டு பச்சை கிடையாது. புல்லும் மண்ணும் ஒன்று. உரமும் தண்ணீரும் ஒன்று. புல் வெட்டும் மெஷினின் பின்னால் உருளும் ரோலர் போகும்போது புல்லை ஒரு பக்கம் சாய்க்கிறது. திரும்பி வரும்போது பக்கத்து நிரையை எதிர்ப்பக்கம் சாய்க்கிறது. நம்மை விட்டு விலகிச் சாய்ந்த புல் இலையின் நீளத்தைக் காட்டும். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புவதால் அது வெளிர்பச்சை. நம்மை நோக்கிச் சாய்ந்த புல் நுனியையும் அடி நிழலையும் காட்டும், அது கரும்பச்சை. வெல்வெட் துணியை மேலும் கீழுமாகக் கையால் நீவிப் பார்த்தவர்களுக்கு இந்த விந்தை தெரிந்ததுதான். புல்தரையின் மறுகோடிக்குப் போய் நின்று பார்த்தால் கறுத்த கோடு வெளுத்திருக்கும், வெளுத்தது கறுத்திருக்கும்.

ஆகவே அந்த அழகில் பாதி புல்லில் இருக்கிறது. மீதிப் பாதி பார்ப்பவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது. பண்டாரவளைப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீட்டைக் கட்டி, முன்னால் கொஞ்சம் புல் வளர்த்து, மலிவாக ஒரு ரோலர் மெஷின் கிடைக்குமா என்று தேடுகிறவருக்குச் சொல்ல என்னிடம் சில கணக்குகள் உண்டு. ஆனால் இந்த மலையில் அந்தக் கோடுகளை இதுவரை வெட்டியவர் யார், நின்று பார்த்தவர் யார் என்பதை முதலில் யோசிக்காமல் அந்தக் கணக்குக்குள் போக எனக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில், ஸ்ட்ரவுட் நகருக்குப் பக்கத்தில் திரப் என்றொரு கிராமம். அங்கே இருந்த எட்வின் பியர்ட் பட்டிங் என்ற வினைஞர், கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரை ஒரே சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து, அதையே புல்லுக்கும் செய்யலாம் என்று நினைத்தார். 1830 ஆகஸ்ட் 31ஆம் திகதி அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. உருளையில் சுருளாகப் பொருத்திய கத்திகள் சுழன்று, கீழே அசையாமல் இருக்கும் ஒரு கத்தியில் உரசிப் புல்லை வெட்டின. கத்திகளைச் சுழற்றியது பின்னால் இருந்த ரோலர். ஆள் தள்ளினால் ரோலர் உருளும். ரோலர் உருண்டால் பற்சக்கரங்கள் கத்தியைச் சுற்றும். ரோலர் என்பது பிறகு யாரோ அழகுக்காகச் சேர்த்த உறுப்பு என்று நினைக்கிறவர்கள் உண்டு. முதல் மெஷினின் உயிரே அதுதான். தம் காப்புரிமைப் பத்திரத்தில் பட்டிங் ஓர் ஆசையையும் எழுதிவைத்தார்: நாட்டுப்புறக் கனவான்கள் இந்த மெஷினைத் தாங்களே தள்ளிப் பார்க்கட்டும், அது அவர்களுக்குப் பொழுதுபோக்காகவும் உடம்புக்கு நல்ல பயிற்சியாகவும் இருக்கும் என்று.

பண்டாரவளை அடங்கிய இலங்கையின் ஊவாவுக்கு மெஷின் வந்தது. அந்த ஆசை வரவில்லை.

1890இல் தோமஸ் லிப்டன் தம்பேதன்னை உள்ளிட்ட தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். 1894இல் ரயில் பண்டாரவளையைத் தொட்டது. ஏறக்குறைய 4,000 அடி உயரம், குளிர்ந்த காற்று, வருஷம் முழுக்கப் பசுமை. இங்கிலாந்தை நினைத்து ஏங்கிய துரைமாருக்குப் பங்களாவின் முன்னால் ஒரு புல்தரை இல்லாமல் முடியவில்லை. ஹப்புத்தளையில் சேர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய கல் மாளிகைக்கு, கென்ற் பிரதேசத்துக் கிராமம் ஒன்றின் பெயரான அடிசம் என்பதையே சூட்டினார். இன்று அது பெனடிக்ற் சபைத் துறவியரின் மடம். ஊவா மலைகளில் இயல்பாக வளர்ந்தது பத்தனைப் புல். காற்றில் ஆளுயரம் அலையும் மானா. அதை அகற்றிவிட்டு, அங்குலக் கணக்கில் வெட்டிய புல்லைத் துரைமார் விரித்தார்கள். அந்த நிலம் யாருக்கும் சோறு போட வேண்டிய அவசியம் இல்லாதது என்பதே அந்தப் புல்தரை ஊருக்குச் சொன்ன செய்தி.

அதை வெட்டியவர்கள் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வந்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒரு குடும்பமே படுத்தெழுந்து, விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பங்களாத் தோட்ட வேலைக்குப் பேர் போட்டுக்கொண்டு வந்தவர்கள். நேர்கோடும் மட்டமும் அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியவை அல்ல. மலையில் நிரை பிடித்து நடக்கிறவர்கள் அவர்கள். கொழுந்து எடுக்கும்போது தேயிலைச் செடியின் மேல் மட்டக்கம்பைப் போட்டு, அதற்கு மேலே வந்ததை மட்டும் கிள்ளுகிறவர்கள். கவ்வாத்துக் கத்தியால் மலை முழுவதையும் ஒரே உயரத்துக்கு இறக்குகிறவர்கள். புல்லும் அவர்களுக்குப் பழக்கம்தான். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மறுபடி கன்று வைப்பதற்கு முன், குவாத்தமாலாப் புல்லையோ மானாவையோ நட்டு, ஒன்றரை இரண்டு வருஷம் வெட்டி வெட்டி அங்கேயே பரப்பி, செத்த மண்ணைத் தேற்றியெடுக்கும் கைகள் அவை. இந்த நாட்டில் புல்தரையைச் சீராக வைக்கத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டால் முதலில் அவர்களைத்தான் காட்ட வேண்டும்.

ஆனால் மெஷினைத் தள்ளிக்கொண்டு போகிறவருக்குக் கோடு முழுதாகத் தெரியாது. அவர் கண்ணுக்கு முன்னால் இருப்பது வெட்டாத புல் மட்டுமே. கோடு தெரிய வேண்டுமானால் வேலையை முடித்துக் கைப்பிடியை விட்டுவிட்டு, தள்ளிப்போய் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும். ஏன் சும்மா நிற்கிறாய் என்று கேட்க ஆள் இல்லாமல் இருக்க வேண்டும். அந்த இடம் பங்களாவின் விறாந்தை. அங்கே பிரம்பு நாற்காலி துரைக்குப் போட்டிருந்தது. நடந்தவர் உண்டாக்கிய அழகை நடக்காதவர் பார்த்தார்.

உடைமை என்றால் நாம் வேலியையும் பத்திரத்தையும் விலையையும் நினைக்கிறோம். அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னும் எளிய ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தான் செய்த வேலையைத் தான் நின்று பார்க்கலாம். எவரிடமும் உத்தரவு கேட்க வேண்டாம். ஒரு மனிதனுக்கு ஒரு மண் சொந்தம் என்பதன் முதல் பொருள் இதுதான். இது இல்லாதவன் எத்தனை தலைமுறை அதே மலையில் இருந்தாலும் வழிப்போக்கன்.

மலையகத்தின் கதை இந்த உரிமை மறுக்கப்பட்ட கதை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இரண்டு நாடுகளும் பங்கு போட்டுக்கொள்ளும் தலைக்கணக்காக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. காணி அப்போதும் வரவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாதுகாப்பான இடத்துக்கு எழுந்து போகலாம் என்றால், போய் நிற்கத் தமக்கென்று ஒரு துண்டு மண் வேண்டுமே. அது இருந்திருந்தால் அந்தக் காலையில் எத்தனை பேர் வேறிடத்தில் கண் விழித்திருப்பார்கள்!

அதற்குப் பிறகு வந்த ஏழு பேர்ச் காணியை அதனால்தான் நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் கட்டிய 4,000 வீடுகள் ஏழு பேர்ச் நிலத்தில் 550 சதுர அடி வீடு என்ற கணக்கில் அமைந்தவை. ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. வீடும் பாதையும் போக, அவரையும் லீக்ஸும் வைக்க ஒரு பாத்தி, கறிவேப்பிலைக்கு ஒரு மூலை, சாமி மாடத்துக்கு ஓர் இடம். அதற்கும் மேலே முன்பக்கத்தில் இருபதடிக்கு இருபதடி புல்லுக்கு விடலாம்.

சோற்றுக்கு வழி தேடுகிற குடும்பம் புல்லுக்கு நிலத்தை விடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவரை முதலில் வரட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். தோட்டத்தில் பச்சை என்றாலே நிறுவைதான். கூடையில் விழும் ஒவ்வொரு கொழுந்தும் தராசுக்குப் போகிறது. கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் கூலி. தலைமுறை தலைமுறையாகப் பச்சையைத் தராசில் மட்டுமே பார்த்த ஒரு சமூகத்துக்கு, யாரும் நிறுக்காத ஒரு துண்டுப் பச்சை வீட்டு வாசலில் இருப்பது ஆடம்பரமா? பிள்ளைகள் உருண்டு விளையாடவும், அந்தியில் அப்பாயி கால் நீட்டி உட்காரவும் ஓர் இடம் என்பது மனிதனுக்கு மிஞ்சிய ஆசையா? நான் அப்படி நினைக்கவில்லை.

இனி மெஷினுக்கு வருவோம். இருபதடிச் சதுரத்துக்கு எஞ்சின் வேண்டாம். பதினாறு அங்குலம் வெட்டும் மெஷின் என்றால் பதினைந்து நடை. நிரை ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறட்டும் என்றால் இன்னும் ஒன்றிரண்டு. கால் மணி நேர வேலை. பின்பக்க ரோலரோடு வரும் பெற்றோல் மெஷின்கள் இறக்குமதிச் சாமான், விலை கூட. 2022இல் எரிபொருளுக்கு மக்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றபோது எஞ்சின்கள் எல்லாம் சும்மா கிடந்தன. கையால் தள்ளும் மெஷினுக்கு அந்தக் கவலை இல்லை. பட்டிங் செய்த முறையில் இன்றும் வரும் கைத்தள்ளு சிலிண்டர் மெஷினே ஏழைக்கு ஏற்றது. தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் கரைகளையும் கான் ஓரங்களையும் துப்புரவாக்க நல்லது. புல்லைச் சீராக வெட்டவோ சாய்க்கவோ அதனால் ஆகாது.

வாங்கும்போது கடையிலேயே ஒரு கடதாசித் துண்டைக் கீழ்க்கத்தியின் மேல் வைத்து உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எங்கே வைத்தாலும் சுத்தமாக வெட்ட வேண்டும். கிழித்தால் வேண்டாம். கீழ்க்கத்தியை நெருக்கவும் தளர்த்தவும் திருகு இருக்கிறதா, வெட்டும் உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். பின் ரோலர் மெஷினின் முழு அகலத்துக்கும் இருப்பது நல்லது. கத்தி மழுங்கினால் கராஜில் வால்வு தேய்க்கும் பசையைத் தடவி உருளையைப் பின்பக்கமாகச் சுழற்றினால் கூர் திரும்பும். ரோலர் பாரம் போதாவிட்டால், பிவிசி குழாய் ஒன்றில் மணலை நிரப்பி இரண்டு முனையையும் அடைத்து, மெஷினின் பின்னால் கயிற்றில் கட்டி இழுக்கலாம். அதுவும் புல்லைச் சாய்த்துக் கோடு போடும்.

நம் தரையில் படரும் அகன்ற இலைப் புல்லும் அருகும் இங்கிலாந்துப் புல்லைக் காட்டிலும் விறைப்பானவை. ஒன்றரை அங்குலமாவது விட்டு வெட்டினால்தான் கோடு விழும். அப்போதும் அது மெல்லிய கோடாகத்தான் இருக்கும். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறியிருக்கும்போது ரோலர் போட்டால் தரை இறுகிவிடும், காயவிட வேண்டும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் புல்லை உயரமாக விட்டுவிடுவதே தர்மம். சரிவில் மேலும் கீழும் போகாமல் குறுக்காகத் தள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் திசையை மாற்றினால் புல் ஒரே பக்கம் படுத்துப் பழகாது. வெட்டிய புல்லை அவரைப் பாத்தியில் போடுங்கள்.

முடிந்ததும் நின்று பாருங்கள். உங்கள் வீட்டில் வேறொருவர் கூலிக்கு வெட்டினால், அவருக்கு உரிய கூலியைக் கொடுத்து, ஒரு நாற்காலியையும் போட்டு, தன் வேலையை முதலில் அவரே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வீடு கிடைத்தும் காணி உறுதி கைக்கு வராத குடும்பங்கள் இன்னும் ஊவாவில் இருக்கின்றன. லயத்தை விட்டு இறங்காத குடும்பங்கள் அதைவிட அதிகம். அவர்கள் ஒவ்வொருவர் பெயரிலும் உறுதி எழுதிக் கொடுப்பது அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்கும்வரை ஓயாமல் இருப்பது நம் எல்லோருடைய கடமை.