ஒதுங்கி நின்றவள்

தஞ்சைப் பெருங்கோயிலின் முற்றத்தில், விடிந்தும் விடியாத வேளையில், கமராவும் கையுமாக நின்றிருந்தேன். கொழும்பிலிருந்து கடல் கடந்து சென்றவனுக்கு வாய்த்த அரிய நேரம். விமானத்தின் மீது இளவெயில் படரத் தொடங்கியிருந்தது. முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தி மட்டும் காட்சிக்குக் குறுக்கே நின்றாள். நான் வாய் திறக்கவில்லை, கையை அசைத்தேன். "தள்ளிக்கட்டுமாய்யா?" என்றவாறே விளக்குமாற்றோடு ஒதுங்கினாள். படம் நன்றாக வந்தது. அதன் வெறுமையே அழகென்று நண்பர்கள் பாராட்டினார்கள்.

இந்த வெறுமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1858ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயக் கப்டன், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இதே கோயிலைப் படம் பிடித்தார். விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக ஒட்டி நீண்டதொரு தொடராக்கினார். அவருடைய தஞ்சை, மதுரைப் படங்களில் மனிதரைக் காண்பது அரிது. அக்காலத்துக் கருவியில் ஒரு காட்சி பதிய நெடுநேரம் வேண்டும், நடமாடுவோர் பதியார். டிரைப்புக்கு அந்தச் சமாதானமாவது உண்டு. கண்ணிமைப் பொழுதில் படமெடுக்கும் எனக்கு என்ன சமாதானம்?

அக்கோயிலின் கல்லோ மனிதரை ஒதுக்கவில்லை. 1010இல் கோயிலை நிறைவேற்றிய இராசராசன், 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களையும் அவர்களுக்கு அளித்த வீடுகளையும் கல்லில் வெட்டுவித்தான். நட்டுவர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், நீர் தெளிப்போர், வண்ணார், நாவிதர் என்று பட்டியல் நீள்கிறது. இதை மன்னனின் கருணையெனக் கொண்டாட நான் ஆயத்தமில்லை. அப்பெண்கள் வேறு கோயில்களிலிருந்து ஆணையால் கொண்டுவரப்பட்டவர்கள். நெல்லளக்கும் கணக்குக்குப் பெயர் வேண்டியிருந்தது. ஆயினும் இவர்களின்றிக் கோயில் நடவாதென்பதை அரசனின் கணக்கன் அறிந்திருந்தான். நான் அம்முதியவளின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஊர் திரும்பிய பின்னரே இது உறுத்தியது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கும், சற்றுத் தள்ளியுள்ள பொன்னம்பலவாணேசுவரத்துக்கும் உல்லாசப் பிரயாணிகள் நாள்தோறும் வருகிறார்கள். கொட்டாஞ்சேனைவாசிகளான நாங்கள் அவர்களுடைய படங்களில் வாழ்கிறோம். ஒரு செவ்வாய்க்கிழமை, அயல்வீட்டு அக்கா அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார். 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறு ஆராதனையில் குண்டு வெடித்துப் பலர் மாண்ட கோயில் அது; அவரும் அன்று உறவொன்றை இழந்தவர். கமராவோடு நெருங்கிய வெளிநாட்டவர் ஒருவர், திரியைச் சற்று உயர்த்திப் பிடிக்குமாறு சிரித்தபடி சைகை காட்டினார். அக்காவும் உயர்த்தினார்.

வெளியே வந்ததும், "கேட்காமல் எடுக்கலாமா?" என்று நான் கொதித்தேன்.

"கேட்டிருந்தாலும் ஓமெண்டுதான் சொல்லியிருப்பன், தம்பி. தூரத்திலயிருந்து வந்த மனிசனுக்கு வேண்டாமெண்டு சொல்ல எனக்குத் தெரியாது" என்றார்.

அனுமதி பெற்றுவிட்டால் குற்றம் நீங்கிவிடும் என்று அதுவரை எண்ணியிருந்தேன். மறுத்துப் பழகாதவரின் இசைவை இசைவென்று எப்படிக் கொள்வது? ஒருத்தியைப் படத்திலிருந்து விலக்கினேன். மற்றவரைப் படத்துக்குள் இழுத்தார்கள். இருவரும் ஒரு கையசைவுக்கே கட்டுப்பட்டார்கள். படமெடுத்தலே தீது என்று வாதிட நான் வரவில்லை. டிரைப் இல்லையேல் 1858இன் தஞ்சையை நாம் கண்டிருப்போமா? ஆனால், பயணி முதலில் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு, வழிபடுவோரிடையே அரைமணி நேரம் அமர்ந்திருக்கலாம். அவர்களுள் ஒருவரேனும் அவனிடம் "வேண்டாம்" என்று கூசாமல் சொல்லக்கூடிய பழக்கம் அதற்குள் பிறக்கக்கூடும். சொல்லிவிட்டால், படமின்றித் திரும்ப வேண்டியதுதான்.