காண்பதும் கவர்வதும்

பிற உயிர்க்குத் துன்பம் தராமல் வாழ விரும்பும் ஒருவர் தம் கை செய்வதைக் கவனிக்கிறார். நா சொல்வதைக் கவனிக்கிறார். கண் செய்வதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பார்ப்பதால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்பதே நமது பொதுவான எண்ணம். கனியைப் பறித்தால் மரத்தில் ஒரு கனி குறைகிறது. பார்த்தால் எதுவும் குறைவதில்லை. இந்த எண்ணம் எந்த அளவுக்குச் சரியானது? இன்று பலர் ஆர்வத்துடன் மேற்கொள்ளும் ஒருவகைப் பயணத்தை முன்வைத்து இதைச் சிந்திப்போம்.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழகத்தைத் தொடும் எல்லையில் ஆனைமலைக் காடுகள் விரிந்து கிடக்கின்றன. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் அங்கே செல்லும் வழக்கமான சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழகத்தின் வழியாகவே போகிறது. அணைகள் எழும்பி நீர் தேங்கியபோது பள்ளத்தாக்குகள் மூழ்கின. சில குன்றுகள் தீவுகளாக எஞ்சின. அவற்றுள் ஒன்றான வீட்டிக்குன்னு தீவில் சிறு குழுவினர் தங்குவதற்கு வனத்துறை ஏற்பாடு செய்தது. இத்தகைய இடங்களுக்கு நான்கைந்து பேர் ஒன்றுசேர்ந்து, நீண்ட லென்ஸ் பொருத்திய கேமராக்களுடன் செல்கிறார்கள். காடர், மலசர் போன்ற பழங்குடியினர் வழிகாட்டுகிறார்கள். விடியும் முன் எழுந்து, பேச்சைக் குறைத்து, மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்கிறார்கள். இதில் ஒரு தவத்தின் சாயல் உண்டு என்பதை மறுக்க முடியாது.

துப்பாக்கியும் கேமராவும்

மூணாறுக்கு அருகிலுள்ள இரவிகுளம் ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டங்களை நடத்திய ஐரோப்பியர்களின் வேட்டைக்களமாக இருந்தது. 1975-இல் அது சரணாலயமாயிற்று. 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. துப்பாக்கி ஏந்தியவர்கள் நடந்த மலையில் இன்று கேமரா ஏந்தியவர்கள் நடக்கிறார்கள். இது சிறிய மாற்றமன்று. குண்டு பாய்ந்த விலங்கு விழுந்துவிடும். படத்தில் பதிந்த விலங்கு தன் வழியே போய்விடும்.

ஆனால் கருவி மாறியதால் மட்டும் மனம் மாறிவிடுகிறதா? நம் பேச்சையே கவனியுங்கள். 'படம் எடுத்தேன்', 'படம் பிடித்தேன்' என்கிறோம். எடுப்பதும் பிடிப்பதும் கையின் தொழில்கள்; கண்ணின் தொழில்கள் அல்ல. வேட்டையிலிருந்து திரும்பியவரிடம் அன்று கேட்ட கேள்வியையே காட்டிலிருந்து திரும்புபவரிடம் இன்றும் கேட்கிறோம்: 'என்ன கிடைத்தது?' ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், கேட்டவர் முகத்தில் ஏமாற்றம். சொன்னவர் முகத்திலோ ஒருவகை வெட்கம்.

இருவாச்சியின் கூடு

'படம் எடுப்பதால் அந்த உயிருக்கு என்ன தீங்கு?' என்று கேட்கலாம். இந்தக் காடுகளில் வாழும் இருவாச்சிப் பறவையை எண்ணிப் பாருங்கள். முட்டையிடும் காலத்தில் பெண்பறவை ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து, அலகு மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு பிளவை விட்டுவிட்டு வாயிலை அடைத்துக்கொள்கிறது. பல வாரங்கள் அது வெளியே வருவதில்லை. ஆண்பறவை அத்திப்பழங்களைச் சேகரித்து வந்து அந்தப் பிளவின் வழியே ஊட்டுகிறது. தாயும் குஞ்சும் அதன் வருகையை நம்பியே உயிர் வாழ்கின்றன.

மரத்தடியில் ஆட்கள் நின்றால் ஆண்பறவை நெருங்கத் தயங்குகிறது. தொலைவில் ஒரு கிளையில் அமர்ந்து காத்திருக்கிறது. சில வேளைகளில் பழத்துடன் திரும்பிப் போய்விடுகிறது. கீழே நிற்பவர் யாரையும் அடிக்கவில்லை, எதையும் பறிக்கவில்லை. ஆயினும் அவர் நின்றதனாலேயே உள்ளே ஒரு வேளை உணவு தவறிப்போகிறது. அவர் சென்றபின் அடுத்த குழு வருகிறது. ஒவ்வொருவரும் 'நான் சற்று நேரம்தானே நின்றேன்' என்று எண்ணுகிறார்கள். கூட்டினுள் இருக்கும் உயிர்களுக்கோ அத்தனை பேரின் 'சற்று நேரமும்' சேர்ந்து ஒரு முழுநாள் ஆகிவிடுகிறது.

பரம்பிக்குளத்தை ஒட்டிய வாழச்சால் காட்டில் இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைக் காணலாம். முன்பு இருவாச்சிக் குஞ்சுகளை உணவுக்காக எடுத்துவந்த காடர் சமூகத்தினர் சிலர், இப்போது வனத்துறையுடன் இணைந்து அதே கூடுகளுக்குக் காவலராக இருக்கிறார்கள். அவர்களும் கூட்டைப் பார்க்கிறார்கள். ஆனால் ஆண்பறவை அஞ்சாத தொலைவில் நின்று பார்க்கிறார்கள். எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை முடிவு செய்வது அவர்களுடைய விருப்பமன்று, பறவையின் அச்சமே.

படங்கள் காத்த காடு

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். படங்கள் காடுகளைக் காத்திருக்கின்றன. தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) தம் கறுப்பு வெள்ளைப் படங்களாலும் கட்டுரைகளாலும் எத்தனையோ வாசகர்களுக்குக் காட்டுயிர்களை அறிமுகம் செய்தார். பாலக்காடு மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டும் திட்டம் எழுந்தபோது, அறிவியலாளர்களும் கவிஞர்களும் மாணவர்களும் அதை எதிர்த்தார்கள். அங்கு வாழும் சிங்கவால் குரங்கு அந்தப் போராட்டத்தின் அடையாளமாயிற்று. திட்டம் கைவிடப்பட்டு, 1984-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இதில் சிந்திக்கத்தக்க ஒன்று உண்டு. அமைதிப் பள்ளத்தாக்குக்காகக் குரல் கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் அந்தக் காட்டில் காலடி வைத்தவர்கள் அல்லர். தாம் காணாத ஒன்று, தாம் காணாவிட்டாலும், நிலைத்திருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். பயன் கருதாத அன்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா? அத்தகைய அன்பை எழுப்பும் படம் நல்ல படமே. ஆனால் 'நானும் அங்கே போக வேண்டும், இதேபோல் ஒன்று எனக்கும் வேண்டும்' என்ற ஆசையை மட்டும் எழுப்பும் படம் அதே காட்டுக்குச் சுமையாகிறது.

இரண்டு பறவைகள்

முண்டக உபநிடதத்தில் வரும் இரு பறவைகளின் உருவகம் நாம் அறிந்ததே. ஒரே மரத்தில் வாழும் தோழமைப் பறவைகள் அவை. கனியைச் சுவைக்கும் பறவைக்கு இன்பமும் துயரமும் மாறி மாறி வருகின்றன; சுவைக்காமல் நோக்கியிருக்கும் பறவைக்கு அவை இல்லை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் (1909–1943) இந்த உருவகத்தைக் குறித்து ஆழ்ந்து சிந்தித்தவர். அழகைக் கண்டவுடன் அதை விழுங்க முனைவதே மனிதனின் வீழ்ச்சிக்குத் தொடக்கமாகலாம் என்று அவர் கருதினார்.

கேமரா ஏந்தி அமர்ந்திருப்பவர் தம்மை இரண்டாவது பறவை என்று எண்ணிக்கொள்வது இயல்பு. அவர் நோக்குகிறார், உண்ணவில்லை. ஆனால் படம் கிடைக்காத நாளில் அவர் மனம் வாடுமாயின், பக்கத்தில் இருப்பவருக்கு நல்ல படம் கிடைத்ததைக் கண்டு வேகுமாயின், அவர் முதல் பறவையே. கனியின் வடிவம்தான் மாறியிருக்கிறது.

சாட்சியாக இருப்பது பற்றற்றிருப்பதே தவிர, அக்கறையற்றிருப்பது அன்று. இரண்டாவது பறவையும் தோழன்தான். தோழன் என்பவன் நண்பனின் வேதனையைத் தன் காட்சிக்குப் பொருளாக்க மாட்டான்.

குழுவாகச் செல்லும்போது இந்தச் சோதனை கடினமாகிறது. பணம் செலவழித்து, விடுமுறை எடுத்து, வெகுதொலைவிலிருந்து வந்திருக்கிறோம். 'இன்னும் கொஞ்சம் அருகே போகலாமே' என்று ஒருவர் சொல்கிறார். மற்றவர்கள் மறுப்பதில்லை. ஊதியத்தை நம்பியிருக்கும் வழிகாட்டியால் மறுக்க இயலுவதில்லை. தனியே இருந்தால் நாம் செய்யத் தயங்குவதைக் குழு தயக்கமின்றிச் செய்துவிடுகிறது. பொறுப்பு ஆளுக்கு ஒரு துளியாகப் பிரிந்து, முடிவில் யாருடைய கையிலும் இல்லாமல் போகிறது. 'போதும், திரும்புவோம்' என்று சொல்லும் ஒருவர் குழுவில் இருப்பாராயின், அன்றைய அகிம்சை அவரிடம்தான் இருக்கிறது.

இது காட்டுக்குச் செல்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. கற்பூர ஆரத்தியின்போது உயரும் கைபேசிகளை நாம் பார்க்கிறோம். 'தரிசனம்' என்ற சொல்லில் நாம் காண்பதோடு நாம் காணப்படுவதும் அடங்கியிருக்கிறது. கருவியை நடுவில் வைத்துக்கொண்டவர், தாம் காணப்படுகிறோம் என்பதை எளிதில் மறந்துவிடுகிறார். இருவாச்சியும் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அதன் கண்ணில் நாம் யார்?

அடைத்த கதவு

உலகில் வரையாடுகள் மிகுதியாக வாழும் இடம் இரவிகுளம். அங்கே பார்வையாளர்களை அனுமதிக்கும் பகுதி ராஜமலை. ஆண்டுதோறும் ஈற்றுக்காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், அதன் கதவை அடைத்துவிடுகிறார்கள். பிறந்து சில நாட்களே ஆன குட்டிகள் தாயின் பின்னால் பாறைகளில் தாவப் பழகும் நாட்கள் அவை. ஒரு புகைப்படக் கலைஞர் எந்தக் காட்சிக்காக ஆண்டெல்லாம் காத்திருப்பாரோ, அந்தக் காட்சி நிகழும்போது அங்கே காண்பதற்குப் பார்வையாளர் ஒருவரும் இல்லை. அழகு குறைந்திருக்கும்போது கதவை அடைப்பது எளிது. அது நிறைந்திருக்கும்போது அடைப்பதே துறவு.

இங்கே சட்டம் நமக்காக அந்தத் துறவைச் செய்துவிடுகிறது. கதவும் காவலரும் இல்லாத இடங்களில் அதை நாமே செய்ய வேண்டும். அடுத்தமுறை அழகான ஒன்றின் முன் நிற்கும்போது, இதை எடுத்துக்கொள்ளாமல் என்னால் திரும்பிப் போக முடியுமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். முடியும் என்று உள்ளம் சொன்னால், கேமரா கையில் இருந்தாலும் குற்றமில்லை. முடியாது என்று சொன்னால், அன்று அதைப் பையிலேயே வைத்துவிட்டுக் கண்ணால் மட்டும் காண்போம். அந்தக் காட்சி அதற்குரிய இடத்திலேயே நிலைத்திருக்கட்டும்.