பிசிறு போகத் தீட்டுங்கள்



வேதாகமத்தில் பிரசங்கி 10:10-ஐத் திறந்து வையுங்கள். மழுங்கின இரும்பைத் தீட்டாமல் விட்டால் பலத்தை அதிகமாய்ச் செலவழிக்க வேண்டிவரும் என்று ஞானி அங்கே எழுதி வைத்திருக்கிறான். இந்த வசனத்துக்குக் கோடாரியைச் சொல்லித்தான் பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். நான் இன்றைக்கு அம்பைச் சொல்லப்போகிறேன். ஏன் தெரியுமா? கோடாரி மழுங்கினால் வெட்டுகிறவன் தோள்தான் வலிக்கும். இன்னும் நாலு போடு போட்டு மரத்தைச் சாய்த்துவிடலாம். வில்லை விட்டுப் போன அம்புக்கு மேலே பலம் கொடுக்க யாராலே கூடும்? அது மழுங்கியிருந்தால் வேதனைப்படுகிறது எய்தவன் அல்ல, வாயில்லாத ஒரு ஜீவன்.

நான் ஊழியம் செய்கிற மிச்சிகன் மாநிலத்தில் அக்டோபர் 1-ம் தேதி வில்லால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கும். துப்பாக்கிக்காரர்கள் நவம்பர் 15 வரை காத்திருக்க வேண்டும். (இந்தியாவில் இருக்கிற பிள்ளைகளே, அங்கே 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இதை வாசித்துவிட்டு யாரும் காட்டுக்குக் கிளம்பாதிருங்கள்!) எங்கள் ஆராதனைக்கு வருகிற வயதான அமெரிக்க மூப்பர் ஒருவர் செப்டம்பர் மாதம் முழுவதும் சாயங்காலத்தில் கராஜில் உட்கார்ந்து அம்புமுனை தீட்டுவார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

வேட்டை அம்பின் முனைக்கு பிராட்ஹெட் என்று பெயர். ஊசி மாதிரி இராது, இலை மாதிரி அகன்று, இரண்டு பக்கமும் வெட்டுவாயோடு இருக்கும். இவர் வைத்திருப்பது பிரெட் பேர் என்னும் மிச்சிகன் வில்லாளர் 1956-ல் கொண்டுவந்த ரேசர்ஹெட் வகை. துப்பாக்கிக் குண்டு அடியின் வேகத்தாலே கொல்லுகிறது. அம்பு அப்படியல்ல, இரத்தக்குழாயை அறுத்துத்தான் கொல்லும். கூராயிருந்தால் நெஞ்சுக்குள் ஊடுருவி, மான் நூறு கஜத்துக்குள் சில விநாடிகளிலே விழும். மழுங்கியிருந்தால்? இரத்தக்குழாய் ரப்பரைப்போல வழுக்கி ஒதுங்கிக்கொள்ளும். மான் அம்போடு ஓடும். விடிய விடியத் தேடினாலும் கிடைக்காது, எங்கேயோ ஒரு சதுப்பிலே நாள்கணக்கில் துடிக்கும். “பாஸ்டர், வேட்டைக்குப் போற எவனுக்கும் அந்த மானுக்கு இவ்வளவாவது கடன் இருக்கு” என்றார் மூப்பர்.

சரி, எப்படித் தீட்டுகிறார்? முதலில் மெஷின். கைக்கு அடக்கமான ஒர்க் ஷார்ப் பெல்ட் மெஷின் ஒன்று வைத்திருக்கிறார். அதில் 15 முதல் 30 டிகிரி வரை கோணம் வைக்கலாம், இவர் 25-ல் வைக்கிறார். வெட்டுவாய் நெடுக மார்க்கர் பேனாவால் கறுப்பு மை பூசிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். மை எங்கே அழிந்ததோ அங்கேதான் பெல்ட் படுகிறது என்று அர்த்தம். 120-ம் நம்பர் சொரசொரப்புப் பெல்ட்டில் ஆரம்பித்து, படிப்படியாக 6000-ம் நம்பர் மழமழப்புப் பெல்ட் வரைக்கும் போவார். அரத்தில் அரை மணி நேரம் பிடிக்கிற வேலை ஐந்து நிமிஷத்தில் முடிகிறது. மெஷினைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நல்ல கருவி.

ஆனால் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று சூடு. முனை மெல்லியது, ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் கண்மூடித் திறக்குமுன் நிறம் மாறும். வைக்கோல் நிறம் என்றால் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ். நீலம் ஏறினால் 300-க்குக் கிட்ட, அந்த இடத்தில் இரும்பின் பதம் போயிற்று. அதினாலே மூப்பர் வெறும் விரலால் பிடிப்பார். விரல் பொறுக்காத சூடு இரும்புக்கும் வேண்டாம் என்பார். நுனி பெல்ட்டைத் தாண்டி வழுக்கி வராதபடி ஒரு நூல் முன்னாலேயே இழுப்பை நிறுத்திவிடுவார். தாண்டினால் நுனி உருண்டு போகும்.

மற்றது பிசிறு. பிரியமானவர்களே, இங்கேதான் கர்த்தர் என்னோடு பேசினார்! ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, இரும்பு நூலிழை போல மறுபக்கம் மடிந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவினால் தட்டும். பிசிறு இல்லாவிட்டால் தீட்டு இன்னும் வாய் வரைக்கும் எட்டவில்லை, ஆகவே அது வரத்தான் வேண்டும். ஆனால் வந்தது நின்றுவிட்டால் அதுவே மோசம் போக்கும். மெஷினிலிருந்து எடுத்த முனையைக் கையில் கொடுத்து, “தொட்டுப் பாருங்க பாஸ்டர்” என்றார். முழங்கை மயிரைச் சிரைத்தது! “இது கூர்னு நினைச்சீங்களா? பிசிறுதான் சிரைக்குது. தோல்லயும் விலா எலும்புலயும் பட்ட உடனே மடங்கிடும். உள்ளே போறது மொட்டைக் கத்திதான்.” மெஷின் பளபளப்பை நம்பிப் போன ஒரு வாலிபனோடு தாம் இராமுழுதும் டார்ச் பிடித்து மானைத் தேடியதையும் சொன்னார். கிடைக்கவில்லையாம்.

அங்கே உட்கார்ந்தபடியே எழுப்புதல் கூட்டங்களை நினைத்தேன். மூன்று நாள் கூட்டம், பெல்ட் வேகமாய்ச் சுற்றுகிறது, தீப்பொறி பறக்கிறது, அல்லேலூயா! அந்த வேகம் வேண்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டம் முடிந்த இரவில் எல்லாருமே மயிர் சிரைக்கிற கூரோடுதான் வீடு போகிறோம். திங்கட்கிழமை காலையில் மேலதிகாரி ஒரு சொல் சொல்லுகிறார், மாமியார் ஒரு சொல் சொல்லுகிறார். முதல் எலும்பு! மடங்கினது எது என்று அப்போது தெரிகிறது.

பிசிறை எடுக்க மூப்பர் மெஷினைத் தொடுகிறதில்லை. மெல்லிய வைரத்தகட்டில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி இழுப்பார். ஒவ்வொரு இழுப்புக்கும் அழுத்தம் குறையும், கடைசியில் முனையின் சொந்தப் பாரம்தான் இருக்கும். பின்பு பச்சை மெருகுப்பசை தடவின தோல் வாரில், வெட்டுகிற திசையில் அல்ல, பின்னோக்கி இழுப்பார். நாவிதர் சவரக்கத்தியை வாரில் தீட்டுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள், அதுவேதான். சத்தம் கிடையாது, பொறி கிடையாது. பக்கத்தில் இருக்கிறவனுக்கு ஒன்றும் நடக்கிறதாகவே தெரியாது. உங்கள் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு முழங்காலில் நிற்கிற நேரமும் அப்படித்தானே இருக்கிறது?

மூன்று இதழ் உள்ள முனைகளுக்கு மெஷினே தேவையில்லை. தட்டையான அரத்தின் மேல் இரண்டு இதழைப் படுக்க வைத்துத் தள்ளினால் கோணம் தானாக 30 டிகிரியில் நிற்கும். அரம் என்றதும் 1 சாமுவேல் 13 ஞாபகம் வருகிறது. இஸ்ரவேலில் கொல்லன் இல்லாமல், கொழுவைத் தீட்டக்கூடப் பெலிஸ்தரிடத்தில் போனார்கள். நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தில் 21-ம் வசனத்தில் அரங்கள் என்றிருக்கிறது. அந்த எபிரெயச் சொல் பீம். அதே சொல் பொறித்த எடைக்கற்கள் பூமிக்கடியிலிருந்து கிடைத்தபிறகு, அது ஒரு எடை, அதாவது தீட்டுக்கூலி என்று வேத பண்டிதர்கள் சொல்லுகிறார்கள். சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு! சத்துருவிடத்தில் தீட்டப்போனால் கூலி அதிகம்தான்.

கடைசிச் சோதனைக்கு மயிர் உதவாது. டப்பாவின் மேல் ரப்பர் பேண்டைத் தளர்வாய் மாட்டி, வெட்டுவாயை மெதுவாய் வைப்பார். வழுக்கினால் திரும்ப வாருக்குப் போகும். பட்டென்று அறுந்தால்தான் தூணியில் இடம்.

ஏசாயா 49:2-ல் தேவன் தம் அம்பைத் துலக்கித் தூணியில் மறைத்து வைக்கிறதை வாசிக்கிறோம். தூணியில் வைத்ததோடு வேலை முடிந்தது என்று நான் நினைத்திருந்த நேரத்தில் மூப்பர் சிரித்தார். “எய்யறதால மழுங்கறதைவிட, தூணியில உரசி மழுங்கறதுதான் ஜாஸ்தி, பாஸ்டர்.” தூணியின் உறைக்குள் செருகி எடுக்கும்போதெல்லாம் வாய் கொஞ்சம் போகுமாம். பனி பட்டால் ஒரே இராத்திரியில் துருவும் ஏறும். ஆகவே பருவம் முழுவதும் ஒவ்வொரு இரவும் அம்புகளை எடுத்துத் துடைத்து, பக்கத்துக்குப் பத்துத் தடவை வாரில் இழுத்து, வாயில் வாஸ்லின் தடவி வைப்பார். அன்றைக்கு ஒரு அம்பும் எய்யாமல் வீடு திரும்பியிருந்தாலும் சரி, அந்தப் பத்துத் தடவை தவறாது.