கடனை அடைக்கக் கடன்

போன டிசம்பர் முகாமில், இரவுக் கலந்துரையாடல் முடியும் நேரத்தில், படிவம் நான்கு படிக்கும் ஒரு தம்பி எழுந்து கேட்டான்: "அண்ணா, ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்குறது பொய் சொல்ற மாதிரி இல்லையா?" வீட்டில் ஏதோ பேச்சு நடந்திருக்க வேண்டும், அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அப்போது நான் கிளையின் பொருளாளர். சிக்கனத்தைப் பற்றிப் பேச என்னைத்தான் போட்டிருந்தார்கள். "சூழ்நிலையைப் பொறுத்தது தம்பி" என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அன்று இரவு என் இரண்டு கிரெடிட் கார்டுகளிலும் சேர்த்து 15,000 ரிங்கிட் பாக்கி இருந்தது.

எப்படி வந்தது என்று கேட்டால் பெரிதாக எதையும் காட்ட முடியாது. காருக்கு நான்கு டயர், தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்குச் சாப்பாடு, ஒரு கைப்பேசி, தீபாவளி, மாதா மாதம் பெட்ரோல். ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. அதற்கு முந்தைய தைப்பூசத்தில், பத்துமலையில் நண்பர்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலுக்கு 800 வெள்ளி கொடுத்தேன். மைக்கில் என் பெயரை வாசித்தார்கள். கேட்க நல்லாத்தான் இருந்தது. அந்த 800-ஐக் கார்டில் ரொக்கமாக எடுத்தேன். ரொக்கத்துக்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். முருகனுக்கு என்று கொடுத்ததற்கு வங்கிக்கு இரண்டு வருஷம் காணிக்கை கட்டியிருக்கிறேன்.

கார்டுக்கு மாதம் குறைந்தது 5 சதவீதம் கட்ட வேண்டும், அதாவது 750 ரிங்கிட். இடையில் மூன்று மாதம் தவறவிட்டதால் வட்டி 18 சதவீதத்தில் இருந்தது. ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு 15. பதினைந்தாயிரத்துக்கு 18 சதவீதம் என்றால் மாதம் 225. என் சம்பளம் கைக்கு 2,800 வரும். 750 கட்டிய பிறகு மாதக் கடைசியில் கை காலி, அதனால் பெட்ரோலும் மளிகையும் மறுபடியும் கார்டில், ஒரு 500. போட்டுப் பாருங்கள்: 225 ஏறி, 500 ஏறி, 750 இறங்கினால் மாதம் முழுக்க உழைத்ததற்குக் கடன் 25 வெள்ளி குறைந்திருக்கும். ஆனாலும் 750 கட்டுகிறேன் என்பதால் நான் நேர்மையானவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்லக் கூசும் இடம். முகாமுக்கு ஒரு மாதம் முன்பு, பெற்றோர்கள் கட்டிய முகாம் கட்டணம் உறையில் போட்டு என் மேசை டிராயரில் இருந்தது. கார்டு கெடு நாள். சம்பளம் வர ஐந்து நாள். 300 எடுத்தேன். ஆறாம் நாள் காலையில் திருப்பி வைத்துவிட்டேன். ஒருத்தருக்கும் நஷ்டமில்லை, கணக்கும் காசு குறையாமல் சரியாக இருந்தது. இரண்டு மாதம் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜனவரியில் ஒருநாள் எங்கள் முன்னாள் செயலாளர் அக்காவை மாமாக் கடையில் சந்தித்தேன். கணக்காய்வு வேலை பார்ப்பவர். பெர்சனல் லோன் எடுத்து இரண்டு கார்டையும் மூடிவிடலாம் என்று நான் ஒரு விளம்பரத் தாளை நீட்டினேன். வருஷத்துக்கு 7 சதவீதம், நான்கு வருஷம், மாதம் 400.

அக்கா தே தாரிக்கைத் தள்ளி வைத்துவிட்டுக் கைப்பேசியில் கணக்குப் போட்டார். "இந்த 7 முழுத் தொகைக்கும் நாலு வருஷமும் போடுற வட்டி. நீ பாதி கட்டின பிறகும் பதினஞ்சாயிரத்துக்கே வட்டி. உண்மையில 13-க்குக் கிட்ட வருது. மொத்தம் 19,200 கட்டுவே." அதோடு விடவில்லை. "இப்ப கட்டுற அதே 750-ஐ மாறாம கட்டி, கார்டைத் தேய்க்காம இருந்தா ரெண்டே வருஷத்துல முடிஞ்சிடும். மொத்தம் 18,000-கூட வராது. லோனே வேணாம்."

நான் வாயடைத்துப் போனேன். லோன்தான் மலிவு என்று நம்பிக்கொண்டிருந்தேன். வட்டி விகிதம் குறைவுதான், ஆனால் நாளை நீட்டினால் அந்த லாபம் போய்விடுகிறது. மலிவான வழி எனக்குத் திறந்தேதான் இருந்தது. அதில் நடக்க மாதம் 500 செலவைக் குறைக்க வேண்டும், அது என்னால் முடியாது. லோன் எடுத்தால் 350 மிச்சமாகும், 150-ஐ மட்டும் குறைத்தால் போதும். ஆக நான் கட்டப்போகும் கூடுதல் 1,200 வங்கிக்கான வட்டி மட்டும் இல்லை, என் பலவீனத்துக்கான விலையும்தான்.

அங்கேதான் அந்தத் தம்பியின் கேள்வி திரும்பி வந்தது. இது பொய்யா?

நம் தமிழில் கடன் என்ற சொல்லுக்கே இரண்டு முகம். பிதுர்க்கடன் என்கிறோம், நேர்த்திக்கடன் என்கிறோம், காலைக்கடன் என்றுகூடச் சொல்கிறோம். பட்டதும் கடன், செய்ய வேண்டியதும் கடன். அந்தணன் தேவர், ரிஷி, பிதுர் என மூவருக்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்று தைத்திரீய சம்ஹிதை சொல்வதை நம் சமய வகுப்புகளில் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் பிடித்தது, அந்தக் கடன்கள் கைமாறும் விதம். ஆசிரியரிடம் வாங்கியதை மாணவனிடம் கட்டுகிறோம். பெற்றோரிடம் வாங்கியதைப் பிள்ளையிடம் கட்டுகிறோம். அதனால் ஒருவரிடம் பட்டதை வேறொரு வழியாகத் தீர்ப்பதிலேயே பொய் இருக்கிறது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் டிராயரிலிருந்து எடுத்த 300 ஏன் உறுத்துகிறது, வங்கியில் வாங்கும் 15,000 ஏன் உறுத்தவில்லை? அதுவும் ஒரு பள்ளத்தை மூட இன்னொரு இடத்தில் தோண்டியதுதானே? வங்கி அதிகாரி எதற்குப் பணம் என்று கேட்டார். கார்டு பாக்கி என்றேன், சம்பளச் சீட்டைப் பார்த்தார், தெரிந்துதான் கொடுத்தார். அந்த முப்பது பெற்றோரும் எனக்குக் கடன் கொடுத்தது அவர்களுக்கே தெரியாது. ஐந்து நாளில் திருப்பி வைத்தேனா, ஐம்பது நாளிலா என்பது இதில் இரண்டாம் விஷயம். காசு திரும்பி வந்தது. ஆனால் அவர்கள் சரியென்றோ முடியாதென்றோ சொல்லக்கூடிய அந்த ஒரு வாய்ப்பை நான் எடுத்துக்கொண்டேன், அதைத் திருப்பி வைக்கவே முடியாது.

அக்காவிடம் இதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "செயற்குழுவுல சொல்லிட்டு லோன் எடு" என்றார். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏகேபிகேயில் இலவசமாக ஆலோசனை தருவார்கள், கட்டவே முடியாத நிலை என்றால் அங்கே போகணும் என்றும் சொன்னார். என் நிலை அந்த அளவுக்கு இல்லை.

செயற்குழுவில் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பொருளாளர் பொறுப்பு வேறொருவருக்குப் போனது, முகாம் பணம் இப்போது நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஒரு நண்பர் இன்னமும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் மகளின் கட்டணமும் அந்த உறையில் இருந்தது. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

பிப்ரவரியில் லோன் வந்தது. இரண்டு கார்டும் பூஜ்யம். கைப்பேசித் திரையில் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தபோது கடனே தீர்ந்த மாதிரி ஒரு சந்தோஷம், உண்மையாகவே. பதினைந்தாயிரம் அப்படியே இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. அந்தச் சந்தோஷம்தான் ஆபத்து என்று தோன்றி ஒரு கார்டை அன்றே ரத்து செய்தேன். இன்னொன்றை அவசரத்துக்கு என்று வைத்துக்கொண்டேன்.

நான்காம் மாதம் கார் பேட்டரி போனது. 380 வெள்ளி. பட்டறையில் கார்டைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டேன், அதனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அம்மா வந்து காசைக் கொடுத்தார். வீட்டுக்குப் போனதும் மளிகைக் கணக்கு எழுதும் 555 புத்தகத்தை எடுத்து, புதுப் பக்கத்தில் என் பெயரை எழுதி, கீழே 380 என்று போட்டார். மாதம் 50 கொடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய தொகையை அடித்துவிட்டுப் புதுத் தொகையை எழுதுகிறார். இந்த மாதம் 180.