யார் பணத்தில் எம்.பி.ஏ.?

2004 பிப்ரவரியில், மனிதவள மேம்பாட்டு அமைச்சராக இருந்த முரளி மனோகர் ஜோஷி, இந்திய மேலாண்மைக் கழகங்களான ஐஐஎம்களின் ஆண்டுக் கட்டணத்தை ஒன்றரை லட்சத்திலிருந்து 30,000 ரூபாயாகக் குறைக்கச் சொல்லி உத்தரவிட்டார். கட்டணம் குறைந்தால் மாணவர்கள் கொண்டாட வேண்டும். நடந்தது வேறு. பேராசிரியர்களோடு சேர்ந்து மாணவர்களிலும் பலர் எதிர்த்தார்கள். அரசுப் பணத்தை நம்பினால் அரசு ஆட்டிவைக்கும். வங்கிதான் கடன் தருகிறதே, பணமில்லை என்று இங்கே யாரைத் திருப்பி அனுப்பினோம் என்பது அந்தத் தரப்பின் வாதம். சில மாதங்களில் ஆட்சி மாறியது. புதிய அமைச்சர் அர்ஜுன் சிங் உத்தரவைத் திரும்பப் பெற்றார். 2008இல் அகமதாபாத் ஐஐஎம் இரண்டாண்டுக் கட்டணத்தை 11.5 லட்சமாக உயர்த்தியது. இன்று மிகப் பழைய ஐஐஎம்களில் அது 25 லட்சத்தைத் தொட்டும் தாண்டியும் நிற்கிறது.

அந்த வாதத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஐஐஎம்மில் இடம் கிடைத்தவருக்கு வங்கிகள் சொத்து ஈடு எதுவும் கேட்காமலே முழுக் கட்டணத்தையும் கடனாகத் தருகின்றன. வாசலில் யாரையும் நிறுத்துவதில்லை என்பது உண்மைதான். ஆனால் உள்ளே வந்த எல்லாரும் ஒரே விலை கொடுத்தா வந்தார்கள் என்பதை யாரும் கேட்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 10 ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 31,700 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் 38 லட்சம். படிக்கும் காலத்திலும், அதன்பின் வங்கி தரும் அவகாசத்திலும் ஏறுகிற வட்டி தனி. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அதே படிப்பு 25 லட்சத்தோடு முடிந்துவிடுகிறது. ஒரே வகுப்பு, ஒரே பேராசிரியர், ஒரே பட்டம். பணமில்லாதவருக்கு மட்டும் 13 லட்சம் கூடுதல். வசதியுள்ளவர் அந்தப் பணத்தை வைப்பில் போட்டிருந்தால் அவருக்கும் வட்டி வந்திருக்குமே, அதை இழக்கிறாரே என்று பொருளாதாரம் படித்தவர் கேட்பார். கணக்குப்படி சரி. ஆனால் வராமல் போன வட்டிக்காக யாருக்கும் மாதம் ஐந்தாம் தேதி வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருவதில்லை. வருமான வரிச் சட்டம் கல்விக் கடன் வட்டிக்கு 8 ஆண்டுவரை விலக்குத் தருகிறது என்பார்கள். அது பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும். அதிலும், கூடுதல் வரி கட்டுகிற அளவுக்குச் சம்பாதிப்பவருக்கே கூடுதல் சலுகை. வேலை அமையாமல் வரி வரம்புக்குக் கீழே நிற்பவருக்கு ஒன்றுமில்லை.

அப்படியானால் கல்விக் கடன் என்பதே அநீதியா? அப்படிச் சொல்ல முடியாது. எம்.பி.ஏ. முடித்து ஆண்டுக்கு 30 லட்சம் சம்பளம் வாங்கப்போகிறவரின் கட்டணத்தை, சோப்புக்கும் செருப்புக்கும் ஜிஎஸ்டி கட்டுகிற கட்டடத் தொழிலாளி ஏன் சுமக்க வேண்டும்? மருத்துவரோ ஆசிரியரோ படிப்பதில் ஊருக்கு வரும் பயன் வேறு. முதலீட்டு வங்கியிலும் ஆலோசனை நிறுவனத்திலும் உட்காரப்போகிறவரின் படிப்பில் முதல் பயன் அவருக்குத்தான். பயன் பெறுபவர் பின்னால் சம்பாதித்துத் திருப்பித் தரட்டும் என்பது நேர்மையான ஏற்பாடு. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892இல் தொடங்கிய அறக்கட்டளை, வெளிநாட்டுப் படிப்புக்குக் கொடுத்தது தானமில்லை, கடன் உதவித்தொகை. வாங்கியவர் திருப்பிக் கொடுத்தால் அது அடுத்தவருக்குப் போகும். வாங்குவதிலும் கொடுப்பதிலும் கூச்சத்துக்கு இடமில்லாத முறை அது.

ஆகவே கோளாறு கடன் என்ற ஏற்பாட்டில் இல்லை. கடன் தோற்றால் யார் தலையில் விழுகிறது என்பதில் இருக்கிறது.

வங்கியின் கடன் படிவத்தில் மாணவர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் இருக்கும். இணைக் கடனாளி. பெரும்பாலும் அப்பா, அவர் இல்லாத வீட்டில் அம்மா. ஓய்வுக்கு நான்கைந்து ஆண்டே மிச்சமிருக்கும் ஒருவர், பேன் அட்டை நகலையும் மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, அதிகாரி பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டும் இடத்திலெல்லாம் கையெழுத்திடுகிறார். பத்தாண்டுத் தவணைக்குக் கையெழுத்திடுபவரின் ஊதியம் அதில் பாதிக் காலம்கூட ஓடாது. அவர் மனமறிந்துதான் கையெழுத்திடுகிறார், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று சட்டம் சொல்லும். பிள்ளைக்கு ஐஐஎம்மில் இடம் கிடைத்த பிறகு எந்த அப்பா முடியாது என்று சொல்வார்? மறுக்க வழியில்லாத ஒருவரிடம் வாங்கும் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று எண்ணுவது நம் வசதிக்குத்தான்.

ஐஐஎம்மிலாவது வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. ஆனால் இந்த நாட்டில் எம்.பி.ஏ. படிப்பவர்களில் பெரும்பாலோர் ஐஐஎம்மில் படிப்பவர்கள் இல்லை. பெயர் பெற்ற கல்லூரி என்றால் வட்டி குறைவு, ஈடு தேவையில்லை. பட்டியலில் இல்லாத கல்லூரியில் சேர்பவருக்கு, கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வீட்டுப் பத்திரமோ மனைப் பத்திரமோ வேண்டும். யாருக்கு வேலை உறுதியோ அவர் வெறுங்கையோடு போகலாம். யாருக்கு உறுதியில்லையோ அவர் வீட்டை அடகு வைக்க வேண்டும். வங்கி தன் பணத்துக்குப் பாதுகாப்புத் தேடுகிறது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டமும் இதே பாதையில்தான் போகிறது. ஈடும் ஜாமீனும் இல்லாத கடன், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம்வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் என்று நல்ல அம்சங்கள் கொண்ட திட்டம். ஆனால் தரவரிசையில் வந்த கல்வி நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேர்பவருக்கு மட்டும். தரமில்லாத கல்லூரிக்கு அரசு பணம் தரக் கூடாது என்பது நியாயமே. அப்படியென்றால் தரமில்லாத கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுத்தது யார் என்பதையும் கேட்க வேண்டும்.

கடன் திரும்பாதபோது என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. பாரத ஸ்டேட் வங்கி தன் வாராக் கல்விக் கடன்களில் ஒரு பகுதியைப் பாதிக்கும் குறைந்த விலைக்கு ரிலையன்ஸ் குழுமத்தின் வசூல் நிறுவனத்துக்கு விற்றது 2016இல் பெரும் விவாதமானது. அவற்றில் பொறியியல் படித்தவர்களின் கடன்களும் இருந்தன. நிறுவனத்துக்குக் கொடுத்த தள்ளுபடியைக் கடன்பட்ட வீட்டுக்கே கொடுத்திருந்தால் எத்தனையோ பேர் கட்டி முடித்திருப்பார்கள். இந்தப் பேரத்தில் கல்லூரிகளின் பெயர் எங்குமே வரவில்லை. கட்டணத்தை முதல் பருவத்திலேயே வாங்கத் தொடங்கி, படிப்பு முடிவதற்குள் முழுதாக வசூலித்துவிட்டு, ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்று விளம்பரமும் போட்டவர்களுக்கு இழப்பில் ஒரு ரூபாய்ப் பங்குகூட இல்லை.

இனி உதவித்தொகை. இங்கே சிக்கல் வேறு மாதிரி. மதிப்பெண் பார்த்துக் கொடுப்பதா, தேவை பார்த்துக் கொடுப்பதா என்ற பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. மதிப்பெண்ணுக்குக் கொடுப்பது உழைப்புக்கு மரியாதை என்பார்கள். ஐஐஎம் சேர்க்கைக்கான கேட் தேர்வுக்குக் கோச்சிங் போகவும், வேலையை விட்டுவிட்டு ஓராண்டு உட்கார்ந்து படிக்கவும் முடிந்தவரின் மதிப்பெண்ணில் உழைப்பு எவ்வளவு, வீட்டு வசதி எவ்வளவு என்று பிரித்தெடுக்க யாராலும் ஆகாது. உழைப்புக்கு மரியாதை செய்யப் பதக்கமும் சான்றிதழும் போதும். பணம், அது இல்லாவிட்டால் கடனில் விழப்போகிறவருக்குப் போக வேண்டும். ஹார்வர்டு மேலாண்மைப் பள்ளி நெடுங்காலமாகத் தேவை பார்த்து மட்டுமே உதவித்தொகை தருகிறது. மதிப்பெண்ணுக்குப் பணம் கொடுக்காததால் அதன் பெயர் கெட்டுவிடவில்லை.

தேவை பார்த்துத்தான் தருகிறோம் என்று வாயால் சொல்வது மட்டும் போதாது. ஸ்டான்ஃபோர்டு மேலாண்மைப் பள்ளியும் அப்படித்தான் சொல்லிவந்தது. 2017இல் அங்கே படித்த ஒரு மாணவர், பள்ளியின் கணினியில் காப்பில்லாமல் கிடந்த கோப்புகளைக் கண்டு, 2,288 மாணவர்களின் உதவித்தொகை விவரங்களை அலசினார். தேவை ஒரே அளவாக இருந்தும் சிலருக்குக் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். நிதித் துறையிலிருந்து வந்தவர்கள், பெண்கள் என்று பள்ளி தனக்கு வேண்டும் என்று எண்ணியவர்களை ஈர்க்க அந்தப் பணம் போயிருந்தது. பெண்கள் கூடுதலாக வர வேண்டும் என்பது நல்ல எண்ணம்தான். அதை ‘தேவை’ என்ற முகமூடிக்குள் மறைத்ததுதான் தவறு. குறைவாகப் பெற்றவர், தன் நிலைமைக்கு இவ்வளவுதான் கிடைக்கும் என்று நம்பி மீதிக்குக் கடன் வாங்கியிருப்பார்.

நம் ஊரில் ஏமாற்று வேலை மறுபக்கத்திலிருந்து நடக்கிறது. மாதச் சம்பளம் வாங்கும் அரசுப் பள்ளி ஆசிரியரின் வருமானம் படிவம் 16இல் பைசா சுத்தமாக இருக்கும்; 8 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டால் அவர் பிள்ளைக்கு உதவி இல்லை. பக்கத்துத் தெருவில் மொத்த வியாபாரம் செய்பவர், கடை ஒருவர் பெயரில், கிடங்கு இன்னொருவர் பெயரில் என்று வைத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரில் தொடங்கித் தாசில்தார்வரை போய் இரண்டரை லட்சம் என்று வருமானச் சான்றிதழ் வாங்கிவிடுகிறார். ‘எல்லாரும் செய்றதுதானே’ என்பது அவர் பதில். உதவித்தொகைக்கு ஒதுக்கிய பணம் வரம்புக்கு உட்பட்டது. இவர் எடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். அந்த இன்னொருவர் யார் என்று முகம் தெரியாததால்தான் இதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. வேறு பெயரும் இதற்கு இல்லை.

கடன் இன்னொன்றையும் முடிவு செய்துவிடுகிறது. மாதம் 31,700 கட்ட வேண்டியவர், விவசாயிகள் கூட்டுறவு ஒன்றிலோ சிறு தொண்டு நிறுவனத்திலோ வேலை செய்ய விரும்பினாலும் முடியாது. யேல், ஸ்டான்ஃபோர்டு மேலாண்மைப் பள்ளிகள், பொதுத் துறையிலும் லாபநோக்கற்ற நிறுவனங்களிலும் சேரும் பட்டதாரிகளின் கடனில் ஒரு பகுதியைத் தாங்களே ஏற்கின்றன. பழைய மாணவர் நன்கொடைகள் கோடிக்கணக்கில் வரும் நம் ஐஐஎம்களும் இதைப் பெரிய அளவில் செய்யலாம்.

தனியார் மேலாண்மைக் கல்லூரிகளிடம் கேட்க வேண்டியது இதைவிட எளிது. சென்ற ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் கடனோடு போனார்கள், நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன, எத்தனை பேருக்கு வேலையே கிடைக்கவில்லை என்ற மூன்றையும் கட்டண விவரத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அங்கீகாரம் தரும் ஏஐசிடிஇ இதைக் கட்டாயமாக்க வேண்டும். கடன் திரும்பாவிட்டால் இழப்பில் ஒரு பங்கைக் கல்லூரியும் ஏற்கும் ஒப்பந்தம் இல்லாமல் வங்கிகள் அந்தக் கல்லூரிகளில் படிக்கப் பெரிய கடன் தரக் கூடாது. கடைசியாக, பிள்ளையின் கட்டணத்தைக் கையிலிருந்தே கட்ட முடிந்த பெற்றோர்களே, விதி இடம் கொடுத்தாலும் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பாமல் விட்டுவிடுங்கள்.