நின்றவை ஒன்பது

2018 நவம்பர் 16, எங்கள் பக்கம் புயல் அடித்த இரவு விடிந்தும் விடியாத நேரம். சென்னையில் இருந்த எனக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. "எல்லாம் போச்சும்மா" என்றாள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. பிறகு மூன்று நாள் தொடர்பே இல்லை. நான்காம் நாள்தான் பட்டுக்கோட்டை வந்து இறங்க முடிந்தது. அங்கிருந்து பேராவூரணி பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போகிற வழியெல்லாம் மரங்களை அறுத்து இருபுறமும் தள்ளியிருந்தார்கள். வெட்டுப்பட்ட பச்சை மரத்தின் வாடை மூக்கை விட்டுப் போகவே இல்லை.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. 25 அடிக்கு ஒன்று என்று ஏக்கருக்கு 70 மரம். நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது அப்பா நட்டவை. நடுகிற கன்றை எங்கள் பக்கம் 'பிள்ளை' என்றுதான் சொல்வோம். அந்த 140 பிள்ளைகளில் 131 ஒரே இரவில் சாய்ந்து கிடந்தன. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, எல்லாம் சல்லிவேர். மழையில் ஊறிய மண்ணைக் கட்டியாகப் பெயர்த்துக்கொண்டு, வேர்ப்பந்து வானத்தைப் பார்க்க விழுந்திருந்தன. அப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். விழுந்ததைத்தான் எண்ணினார். நின்ற ஒன்பதை அன்றைக்கு அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர், "எல்லாம் நன்மைக்கேன்னு எடுத்துக்குங்க" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனாலும் ஒவ்வொரு முறை அதைக் கேட்டபோதும் அப்பாவின் முகம் இறுகியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பதினெட்டு வருஷ உழைப்பு மண்ணில் கிடக்கிறபோது அதில் என்ன நன்மை? அந்த நாட்களில் இழப்பைத் தாங்காமல் உயிரை விட்ட தென்னை விவசாயிகள் உண்டு. சோதனைக்கு நன்றி சொல் என்று, பட்டவரிடம் படாதவர் சொல்லவே கூடாது. இதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. புயலுக்கு நான் நன்றி சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தப் புயலின் வழியாகத்தான் நன்றி என்றால் என்னவென்று எங்கள் வீட்டுக்குத் தெரிய வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. அவற்றை நிறுத்த வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்தவர்கள் கேரளத்து ஆட்கள். லாரி போகாத வயலில், முழங்கால் சேற்றில், கம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு எட்டுப் பேர் நடந்து வந்ததைப் பார்த்தேன். தோளில் துணியைச் சுருட்டி வைத்திருந்தும் ஒருவருக்குத் தோல் உரிந்திருந்தது. அம்மா வரக்காப்பி போட்டுக் கொடுத்தாள். பால் இல்லை. டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார்: "ஆகஸ்ட்ல வெள்ளம் வந்தப்ப உங்க நாட்டுலருந்துதான் எங்களுக்கு அரிசி வந்தது."

அன்று இரவு திண்ணையில் அப்பா தூங்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "நான் அப்ப ஒரு படி அரிசிகூடப் போடலையேம்மா" என்றார். ஆகஸ்டில் ஊர்ப் பையன்கள் கேரளத்துக்காக வீடு வீடாக வந்தபோது வெட்டுக்கூலி கொடுக்கவே பணம் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார். அதை யாரும் அவரிடம் சொல்லிக் காட்டவில்லை. அவருக்கே உறைத்தது.

குறளில் 11ஆம் அதிகாரத்துக்கு 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அந்த 'அறிதல்' என்ற சொல்லை நான் கவனித்ததில்லை. நன்றி கூறல் என்று பெயர் வைக்கவில்லை. நமக்குச் செய்யப்பட்டது என்ன, செய்தவர் யார், அதற்கு அவர் பட்ட பாடு என்ன என்று அறிவது. உரிந்த தோளைப் பார்ப்பது. அந்தத் திண்ணையில் அப்பா அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அது இனிமையான காரியமாக இல்லை. நெஞ்சைக் கீறுகிற காரியமாக இருந்தது.

அந்த ஆகஸ்டை விட்டால், அதுவரை அப்பா கொடுத்தே பழகியவர். வாங்கிப் பழக்கம் இல்லை. தார்ப்பாய்க்கும் மெழுகுவத்திக்கும் வரிசையில் நிற்க முதல் இரண்டு நாள் அம்மாவைத்தான் அனுப்பினார். மூன்றாம் நாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே போய் நின்றார். தார்ப்பாயை வாங்கியதும், கொடுத்த கல்லூரிப் பையனிடம் "எந்த ஊரு தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்டார். கை நீட்டி வாங்குவதில் தலை குனிய ஒன்றும் இல்லை என்பதை அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதர் கற்றுக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். நானும் அங்கேதான் கற்றேன். மறு வருஷம் என் வேலை போனபோது ஒளித்து வைக்காமல் தோழியிடம் போன் செய்து, "ரெண்டு மாசம் வாடகைக்கு உதவி பண்ணு" என்று கேட்க முடிந்தது. பழைய நானாக இருந்தால் வாய் வந்திருக்காது.

விழுந்த மரங்களை அப்படியே போட்டுவைக்க முடியாது. மக்கிப்போகிற தென்னந்தடியில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். அப்புறம் நிற்கிற மரத்தின் குருத்தில் ஏறும். நிவாரணமாக மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஆனால் அறுக்க ஆள் வேண்டும், வாள் வேண்டும், டிராக்டர் வேண்டும். ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேண்டும். நாங்கள் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து, ஒரு தோப்பை முடித்து அடுத்த தோப்பு என்று முறை வைத்து அறுத்தோம். அதில் ஒரு வீட்டோடு வரப்புத் தகராறில் ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. மரம் தூக்கும்போது "புடிங்கண்ணே", "விடுங்கண்ணே" என்றுதான் ஆரம்பித்தது. அறுத்த தடிகள் செங்கல் சூளைக்குப் போயின. வந்த விலையைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

தோப்பு வெறிச்சென்று ஆனதும்தான் தரையில் வெயில் விழுந்தது. அத்தனை வருஷம் நிழல் அடைத்துக் கிடந்த மண். தை பிறந்ததும் அப்பா அதில் உளுந்து தெளித்தார். ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து ஒரு தண்ணீர் விட்டோம். எழுபது நாளில் உளுந்து வீட்டுக்கு வந்தது. பெரிய வருமானம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைக் காயவைத்த அன்றுதான் அப்பா, "ஒம்போது நிக்குதும்மா" என்று சொன்னார். புயலுக்குப் பிறகு நின்றதை அவர் எண்ணியது அதுதான் முதல் தடவை. அதற்கு நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதத்தை யாரும் அவரிடமிருந்து பறிக்காமல் இருந்தது நல்லதாயிற்று.

2019 ஆடியில் மூன்றடிக் குழி வெட்டி மறுபடி பிள்ளை வைத்தார். நாலைந்து வருஷத்தில் காய்க்கும் வீரிய ஒட்டு ரகம். நெட்டை வைத்தால் காய் பார்க்க நான் இருப்பேனோ என்னவோ என்றார்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். அதற்குப் பத்து நாள் முன்புதான் எங்கள் புதுப் பிள்ளைகளில் முதல் வெட்டு முடிந்திருந்தது. 410 காய். ஊர்ப் பையன்கள் நிவாரணம் கேட்டு வீதியில் வந்தபோது அப்பா வாசலுக்கு எழுந்து போனார். காய் விற்ற பணத்தில் வாங்கி வைத்திருந்த மூன்று சிப்பம் அரிசியையும் லாரியில் ஏற்றச் சொன்னார்.